நாமே கூட்டும் விளையாட்டுக் கணிப்பொறி
மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல் துறை

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இக்காலத்து மாணவர்கள் இவற்றோடு “கணிப்பொறியைக் கூட்டிப் பார்” என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். கைப்பணம் கரைவதிலும், ஆளுக்கொரு யோசனை சொல்வதிலும், எல்லாம் முடிந்தபின் “வேறு விதமாகச் செய்திருக்கலாமே” என்று ஏங்க வைப்பதிலும் இம்மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒரு முறை கூட்டி, அதில் பாதி கருகிப் போய், மறுமுறை கூட்டியவன் என்ற ஒரே தகுதியை வைத்துக் கொண்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விளையாட்டுக்காகவா இத்தனை செலவு என்று நம் பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தலாம். அவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். 1962-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்கப்பல் போரை எழுதி விளையாடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கணிப்பொறியை மூச்சுத் திணற வைப்பதில் விளையாட்டை மிஞ்சிய வேலைகள் சிலவே. விளையாட்டைத் தாங்கும் பொறி முப்பரிமாண ஓவியத்தையும், காணொளித் தொகுப்பையும், நம் துறையின் செயல்திட்டக் கணக்குகளையும் தாங்கிவிடும். என்னுடைய பொறியில் பகலில் நடப்பது அலைச் சமன்பாடு. இரவில் நடப்பதைப் பற்றி இங்கே பேசுவோம்.

முதலில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஒரு நிறுவனத்தின் செயலி, இன்னொரு நிறுவனத்தின் பலகை, மூன்றாவது நிறுவனத்தின் பெட்டி என்று வாங்கி ஒன்றாகப் பூட்டினால் அவை எப்படிப் பொருந்தும்? ஸ்கூட்டரின் சக்கரத்தை மோட்டார் சைக்கிளில் மாட்ட முடியாதே! இதற்கு விடை 1981-இல் இருக்கிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது, அவசரத்தின் காரணமாகக் கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே அதனை அமைத்தது. அதன் சுற்றமைப்பு விவரங்களையும் அச்சிட்டு வெளியிட்டது. பிறர் அதைப் பார்த்து ஒத்த பொறிகளைச் செய்யத் தொடங்கினர். பிறகு 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவு முறையை வகுத்தது. பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இன்ன இடத்தில், மின் இணைப்பு இன்ன வடிவில் என்று அது வரையறுத்ததால், உலகில் எங்கே செய்த பலகையும் எங்கே செய்த பெட்டியிலும் உட்காருகிறது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு கடையில் ரேமும் அடுத்த கடையில் பெட்டியுமாக நாம் பேரம் பேசி வாங்குவது இந்த ஒழுங்கினால்தான்.

இனிப் பொறிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திரையில் ஓடும் விளையாட்டு, திரைப்படத்தைப் போலவே, அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களின் வரிசைதான். ஆனால் திரைப்படத்தில் படங்கள் முன்பே எடுக்கப்பட்டவை. இங்கோ ஒவ்வொரு படமும் அந்தக் கணத்தில் வரையப்படுகிறது. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லி விநாடிதான் உண்டு. 144 படங்கள் வேண்டுமானால் 6.9 மில்லி விநாடி! இந்தக் கண்ணிமைப்பை விடக் குறைந்த நேரத்தில் இருவர் வேலை செய்தாக வேண்டும். பகைவன் எங்கே நிற்கிறான், எறிந்த குண்டு எங்கே விழும், சுவர் இடிந்ததா என்றெல்லாம் கணக்கிட்டு “இன்னதை வரைக” என்று ஆணையிடுவது செயலி, அதாவது பிராசஸர். அந்த ஆணைப்படி புள்ளி புள்ளியாக நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு.

நம் விடுதிச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மாவு அரைக்கிறார். ஒருவர் தோசை சுடுகிறார். அரைப்பவர் மெதுவாக அரைத்தால், சுடுபவருக்கு எத்தனை கல் இருந்தாலும் பந்தி காத்துக் கிடக்க வேண்டியதுதான். சுடுபவர் மெதுவானவர் என்றால் அரைத்த மாவு அண்டாவில் புளிக்கும். இருவரில் யார் மெதுவானவரோ அவருடைய வேகமே பந்தியின் வேகம். விளையாட்டுக்காரர்கள் ‘பாட்டில்நெக்’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். ஆகவே, “எது சிறந்த பிராசஸர்? எது சிறந்த கார்டு?” என்று தனித்தனியே கேட்பது பயனற்ற கேள்வி. எதற்கு எது இணை என்பதே கேட்க வேண்டியது.

அந்த இணையை எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் பிராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், தவறு. தொடங்க வேண்டிய இடம் திரை, அதாவது மானிட்டர். காரணம் எளிய கணக்கு. 1920-க்கு 1080 என்னும் திரையில் 20,73,600 புள்ளிகள். 2560-க்கு 1440 திரையில் 36,86,400. ‘4கே’ எனப்படும் 3840-க்கு 2160 திரையில் 82,94,400. முதல் திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு படத்திலும் கிராபிக்ஸ் கார்டு தீட்டியாக வேண்டும். எனவே, திரை பெரிதானால் பளு கார்டின் மேல் ஏறுகிறது. மாறாக, சிறிய திரையில் விநாடிக்கு 200 படம் வேண்டும் என்று ‘வாலரண்ட்’ போன்ற போட்டி ஆட்டங்களை ஆடுபவருக்குப் பளு பிராசஸரின் மேல் ஏறுகிறது. படத்துக்குப் படம் ஆணையிட வேண்டியவர் அவரல்லவா? நீங்கள் ஆடப் போகும் ஆட்டம் எது, பார்க்கப் போகும் திரை எது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்ட பிறகுதான் கடைப் படி ஏற வேண்டும். மாணவர் கைக்கு எட்டும் பணத்தில் 24 அங்குல 1080 திரை, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், போதுமானது என்பது என் கருத்து.

அடுத்துக் கிராபிக்ஸ் கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து சற்று மேலே வரை இதற்கே போகும், போகவும் வேண்டும். பிராசஸருக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை இப்படிச் சொல்லலாம். என்னிடம் உள்ள ரைசன் 5 5600 பிராசஸரில் ஆறு உள்ளகங்கள். அவை எந்தக் கடினமான கணக்கையும் போடவல்ல ஆறு பேராசிரியர்கள். என் ஆர்.எக்ஸ். 6600 கார்டில் 1,792 சிறு கணக்கிகள். அவை கூட்டலும் பெருக்கலும் மட்டுமே தெரிந்த 1,792 பள்ளிச் சிறுவர்கள். இருபது இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஆறு பேராசிரியர்களை விட 1,792 சிறுவர்களே விரைவில் முடிப்பார்கள் அன்றோ?

கார்டில் கவனிக்க வேண்டியது அதனுடைய சொந்த நினைவகம். விளையாட்டின் சுவர்ப் பூச்சு, முகம், மரம், நிழல் எல்லாம் இதில்தான் அடுக்கி வைக்கப்படுகின்றன. இடம் போதாவிட்டால் பொறியின் பொது ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அந்தப் பாதை குறுகியது. ஆட்டம் விக்கி விக்கி ஓடும். 8 ஜிகாபைட் என்பது இன்று 1080 திரைக்குக் கீழ்வரம்பு. புதிய ஆட்டங்கள் சிலவற்றில் அதுவே திணறுவதால், இன்னும் நான்கைந்து ஆண்டுக்கு வாங்குபவர் 12 அல்லது 16 ஜிகாபைட்டைத் தேடுவது நலம். பெயரில் பெரிய எண் இருப்பதால் எல்லாவற்றிலும் பெரியது என்று எண்ணிவிடாதீர்கள். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் 12 ஜிகாபைட். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060-இல் 8 ஜிகாபைட். பின்னது கணக்கில் விரைவானது; முன்னதற்கு இடம் பெரிது.

சிறிய படத்தை வரைந்து, அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கிக் காட்டும் உத்திகளும் இன்று உள்ளன. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர்., இன்டெலின் எக்ஸ்.இ.எஸ்.எஸ். என்பன அவை. எளிய கார்டு வைத்திருப்போர்க்கு இவை உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஆனால், உண்மைப் படங்களுக்கு நடுவே கற்பனைப் படங்களைச் செருகி எண்ணிக்கையைக் கூட்டும் உத்தியை மட்டும் விளம்பரத்தில் காட்டும் அளவுக்கு நம்ப வேண்டாம். கண்ணுக்கு ஓட்டம் வழுக்கலாகத் தெரியும். விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தோன்றுவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையாது.

பழைய கார்டு வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2020, 2021 ஆண்டுகளில் ‘எதீரியம்’ என்னும் மின்காசைக் கணக்குப் போட்டு ஈட்டுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி இரவு பகலாக ஓட்டினார்கள். கடைகளில் கார்டுக்குப் பஞ்சம் வந்தது, விலை இரட்டிப்பாகியது. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக் கொண்டதும் அந்தக் கார்டுகள் எல்லாம் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால், விற்பவர் முன்னிலையில் அரை மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டிப் பார்க்காமல், விசிறியின் ஒலியைக் காது கொடுத்துக் கேட்காமல், பணத்தை எடுக்காதீர்கள். கறவை மாட்டைக் கறந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்!

பிராசஸரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுக்கு ஆறு உள்ளகம் போதும். எட்டு இருந்தால் வசதி. அதற்கு மேல் செலவழிக்கும் பணம் கார்டுக்குப் போவது மேல். உள்ளகங்களின் எண்ணிக்கையை விட விளையாட்டுக்கு உதவுவது ‘கேஷ்’ எனப்படும் உள்நினைவகம். மேசை மேல் இருக்கும் புத்தகத்தை எடுப்பதற்கும், எழுந்து நூலகத்துக்குப் போய் எடுத்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இது. 2022-இல் ஏ.எம்.டி. நிறுவனம் 32 மெகாபைட் கேஷின் மேல் மாடி கட்டியது போல் இன்னொரு 64 மெகாபைட்டை அடுக்கி 5800 எக்ஸ்3டி என்று வெளியிட்டது. ஓட்ட வேகம் சற்றுக் குறைந்திருந்தும், பல விளையாட்டுகளில் அது தன் மூத்த உடன்பிறப்புகளை முந்தியது.

இன்னொன்று, பெயரின் கடைசி எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இயங்காது. என் 5600-இலும் அது கிடையாது. விலை குறையும், உண்மைதான். ஆனால் கார்டு பழுது பார்க்கப் போய்விட்டால் பொறி முழுவதும் குருடாகிவிடும்.

பிராசஸர் உட்காரும் குழியைச் ‘சாக்கெட்’ என்பர். இது பொருந்தாவிட்டால் வேறு எது பொருந்தியும் பயனில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 குழி 2016-இல் வந்தது, ஏ.எம்.5 குழி 2022-இல் வந்தது. ஒன்றன் பிராசஸர் மற்றொன்றில் ஏறாது. முன்னது டி.டி.ஆர்.4 ரேமை மட்டும் ஏற்கும், பின்னது டி.டி.ஆர்.5 ரேமை மட்டும் ஏற்கும். இரண்டு வகை ரேமிலும் 288 முனைகள்தான். ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் மாற்றிச் செருக முடியாது. இன்டெலின் 2021-ஆம் ஆண்டுக் குழியில் பலகைக்குப் பலகை இது மாறும். பலகையின் பெயரை முழுவதும் படித்துத்தான் ரேம் வாங்க வேண்டும். பழைய இருப்பிலுள்ள ஏ.எம்.4 பலகையாக இருந்தால் புதிய பிராசஸரை அது அடையாளம் காணாமல் விழிக்கலாம். ‘பயாஸ்’ புதுப்பித்துக் கொடுங்கள் என்று கடையிலேயே கேட்டுச் செய்து கொள்வது நல்லது.

ரேம் வாங்கும்போது 16 ஜிகாபைட் ஒரே துண்டாக வாங்குவதை விட எட்டும் எட்டுமாக இரண்டு வாங்குங்கள். ஒரு டி.டி.ஆர்.4-3200 துண்டின் வழியே விநாடிக்கு 25.6 ஜிகாபைட் செல்லும். இரண்டு வழிகளில் 51.2. பணம் கிட்டத்தட்ட அதேதான். மேலும், பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைத் திறந்துவிடும்வரை அது பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே நடந்து கொண்டிருக்கும். என் வகுப்புத் தோழர் ஒருவர் ஓராண்டுக் காலம் இதை அறியாமலேயே ஆடினார். 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக் கொண்டதால், ரேமின் விலை சில மாதங்களுக்குள்ளேயே மடங்குக் கணக்கில் ஏறியது. கட்டுரைக்காரன் சொன்ன பங்கீடு இப்படிச் சில வேளைகளில் பொய்த்துப் போகும், மன்னிக்க.

சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று. சுழலும் பழைய தட்டு விநாடிக்கு 150 மெகாபைட் அளவில் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550, என்.வி.எம்.இ.யில் எளியதே 3,500 வரை. ஆட்டம் திறக்கும் நேரம் குறையும். படங்களின் எண்ணிக்கை கூடாது. ஆகவே இதில் மிக விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2023 நவம்பரில் முதல் பொறியை நான் கூட்டியபோது மொத்தச் செலவு 58,000 ரூபாய். அதில் 30,000 என் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கித் தந்த கடன். எஞ்சியது முகூர்த்த நாட்களில் நான் பந்தி பரிமாறிச் சேர்த்த கூலி. கார்டுக்கு 20,500, பிராசஸருக்கு 12,000, பலகைக்கு 7,000, திரைக்கு 9,500 என்று பட்டியல் நீண்டு கொண்டே போக, கடைசியில் கையில் மிஞ்சியது சொற்பம். அப்போது கடைக்காரர், “தம்பி, இந்தக் கேபினட்டுக்குப் பவர் சப்ளை சேர்ந்தே வருது, 500 வாட்டு. தனியா எதுக்கு நாலாயிரம் போடுறீங்க?” என்றார். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் கொண்ட அந்தப் பெட்டி 3,500 ரூபாய். எனக்கு அது தேவ வாக்காகப் பட்டது. ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம்!

ஐந்து மாதம் நன்றாகவே ஓடியது. 2024 ஏப்ரலில் ஒருநாள் மாலை மின்சாரம் போயிற்று, வந்தது, மீண்டும் போய் உடனே வந்தது. பெட்டியின் மேற்பகுதியிலிருந்து ‘டப்’ என்று ஓர் ஓசை. பிறகு கருகிய வாடை. வண்ண விளக்குகள் அணைந்துவிட்டன. பழுது பார்ப்பவர் அந்தப் பவர் சப்ளையைத் திறந்து காட்டியபோது, இயற்பியல் படிக்கும் எனக்கே வெட்கமாக இருந்தது. வடிகட்டிச் சுருள்கள் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கம்பித் துண்டுகளைப் பற்ற வைத்திருந்தார்கள். மின்தேக்கிகள் கட்டைவிரல் நுனியளவு. பலகையும் எஸ்.எஸ்.டி.யும் போயின, கார்டு தப்பியது. எரிந்த தடம் இருப்பதால் பலகைக்கு உத்தரவாதம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஸ்.எஸ்.டி.யில் இருந்த கருத்தரங்கக் கட்டுரையும் போயிற்று. குழுக் கடனின் மாதத் தவணை மட்டும் போகவில்லை. அம்மா திட்டவில்லை. “எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கிற பெட்டிதானே, அதை நல்லதா வாங்கியிருக்கக் கூடாதாடா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர் கேட்ட அந்தக் கேள்வி, நான் படித்த எந்தக் கணிப்பொறிப் பக்கத்திலும் முதல் வரியாக இருக்கவில்லை.

எனவே பவர் சப்ளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறு மின்னோட்டம். அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். பவர் சப்ளை இதை நேர் மின்னோட்டமாக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு மின்மாற்றியின் வழியே 12 வோல்ட்டாக இறக்குகிறது. கார்டும் பிராசஸரும் உண்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். தரமானதாக இருந்தால் மின்னழுத்தம் மீறினாலும், மின்னோட்டம் மீறினாலும், குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும். தரமற்றது தான் சாகும்போது துணைக்கு ஆள் தேடும்.

எத்தனை வாட்டு வேண்டும்? என் கார்டு 132 வாட்டு; பிராசஸர் அதிக அளவாக 76; பலகை, ரேம், விசிறி எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலும் 258 வாட்டுதான். கணநேரத் துள்ளல்களுக்கும் நாளைய பெரிய கார்டுக்கும் இடம் விட்டு, நல்ல 550 வாட்டு போதும். ஆயிரம் வாட்டு என்று மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால் ‘நல்ல’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பழைய பெட்டியிலும் 500 என்று அழகாக அச்சிட்டிருந்தது! பக்கத்துச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வரும் விடை, முகப்பில் உள்ள எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை 2004-இல் தொடங்கிய ஒரு திட்டம். அதில் வெண்கலம் என்றால் 115 வோல்ட் சோதனையில் பாதிப் பளுவில் 85 விழுக்காடு திறன். தங்கம் என்றால் 90. இது திறனைத்தான் அளக்கிறது, பாதுகாப்பை அன்று. ஆயினும் முத்திரையே இல்லாததை விட இருப்பது மேல். ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிறதா என்பது அதைவிட நல்ல அடையாளம்.

அதோடு ஒரு யு.பி.எஸ். வேண்டும். மின்சாரம் நின்றபின் நல்ல பவர் சப்ளை தன்னிடமுள்ள தேக்கத்தைக் கொண்டு ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாக்குப் பிடிக்கும். அதற்குள் யு.பி.எஸ். கை மாற்றிவிட வேண்டும். பெரும்பாலானவை பத்து மில்லி விநாடிக்குள் மாற்றிவிடும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்போர், அதன் பின்புறத்தில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் விசை உண்டா என்று பார்த்துக் கொள்ளவும். மறு நிலையில் விளக்கும் விசிறியும் பொறுத்துக் கொள்ளும் தாமதத்தைக் கணிப்பொறி பொறுத்துக் கொள்ளாது. நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில் பெட்டியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும். அதற்குப் பொறியைக் குறை சொல்லாமல் மின்பணியாளரை அழையுங்கள்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் நம் வெயிலை மறக்கக் கூடாது. குளிர்நாட்டுக்காரர் 20 பாகை அறையில் சோதித்துச் சொல்லும் வெப்ப அளவுகள், மே மாதத்தில் ஓட்டுக் கூரையின் கீழ் 38 பாகையில் அமர்ந்திருக்கும் நமக்குப் பொருந்தா. அறை எத்தனை பாகை கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை பாகை உள்ளேயும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் சூடானால் பிராசஸர் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கே ஆவியாகிறது. ஆகவே முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டியை விட, முகப்பில் சல்லடை உள்ள பெட்டி நமக்கு ஏற்றது. முன்னே இரண்டு விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளித்தள்ள வேண்டும். மாதம் ஒருமுறை தூசு தட்ட வேண்டும். வண்ண விளக்குகளால் ஆட்டத்தின் வேகம் ஒரு படம்கூட ஏறாது என்பதை என் பழைய பெட்டியைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்.

கூட்டும் நாளைப் பற்றி இரண்டே செய்திகள். பிராசஸரின் மேல் வெப்பப் பசை பட்டாணியளவு போதும். கடைசியில் திரையின் கம்பியைப் பலகையில் உள்ள துளையில் செருகாமல் கார்டில் உள்ள துளையில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பலர் இங்கேதான் விழுகிறார்கள். திரை 144 ஹெர்ட்ஸ் என்றாலும் விண்டோஸ் அதைப் பல வேளைகளில் 60-இலேயே தொடங்கும். அமைப்புக்குள் சென்று மாற்ற வேண்டும். நான் இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பற்றுச் சீட்டுகளையும் பெட்டி மேலுள்ள வரிசை எண்களையும் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்ட சீட்டு ஓராண்டில் வெளுத்துவிடும்.

என் பொறியை 2024 ஆவணியில் மறுபடியும் கூட்டினேன். இம்முறை முதலில் வாங்கியது பவர் சப்ளை. 550 வாட்டு, வெண்கல முத்திரை, 3,800 ரூபாய். பிறகு பழைய பலகை ஒன்று, ஒரு புதிய எஸ்.எஸ்.டி., இன்னோர் எட்டு ஜிகாபைட் ரேம் என்று முகூர்த்தத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தன. விளக்கில்லாத கறுப்புப் பெட்டி. குழுக் கடன் சென்ற தையில் தீர்ந்தது. மாலையில் மின்சாரம் போனால் யு.பி.எஸ். கூவுகிறது. ஆட்டத்தை முடித்துப் பொறியை அணைக்க எட்டு நிமிடம் கிடைக்கிறது. அடுத்த அறையிலிருந்து அம்மா, “அணைச்சிட்டியா?” என்று ஒரு குரல் கொடுப்பார். அணைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் உறங்கப் போவார்.